மேடம் போட்ட மார்க்

எங்கள் மேடம் மார்க் போடாத பொருள் தென் சென்னையில் கிடையாது. லஸ் முனை சிக்னலுக்குப் போட்டிருக்கிறார். அடையாறு பாலத்தடி நாற்றத்துக்குப் போட்டிருக்கிறார். ஆழ்வார்பேட்டையில் எங்கள் ஆபீஸ் கழிப்பறைக்கும், அதற்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த உதவி இயக்குநருக்கும் ஒரே மார்க் போட்டார். இருவரில் யாருக்கு அவமானம் என்று ஆபீஸில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது.

சிக்கல் என்னவென்றால், மேடத்தின் மார்க் தலைகீழ். அதிகம் வாங்கினால் மோசம், குறைவாக வாங்கினால் நல்லது. அது தொழிலால் வந்த கோளாறு. நகரத்தில் எந்தப் பகுதி எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து நூற்றுக்கு மார்க் போடுவதுதான் எங்கள் செக்‌ஷனின் வேலை. கூரை ஒழுகினால் மார்க் ஏறும். குழாய் இல்லை, கழிப்பறை இல்லை என்றால் இன்னும் ஏறும். அறுபதைத் தொட்டுவிட்டால் ‘பின்தங்கிய பகுதி’ என்ற பட்டியலில் இடம் கிடைக்கும். குடிநீர்க் குழாய், சாக்கடை, பால்வாடி என்று அரசாங்கம் ஏதாவது செய்துகொடுக்கும். அறுபதுக்குக் கீழே என்றால் வாழ்த்துகள், நீங்கள் முன்னேறிவிட்டீர்கள், இனி உங்கள் பாடு. இருபது வருஷத்துக்கு மேல் இதையே செய்துகொண்டிருந்ததில் மேடத்துக்கு மொத்த உலகமும் ஒரு படிவமாகிவிட்டது.

ஒருமுறை எங்கள் டைப்பிஸ்டின் நிச்சயதார்த்தத்துக்கு தி.நகர் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா வந்து, காபி எப்படி என்று கேட்டார்.

“எழுபத்தெட்டு” என்றார் மேடம்.

அந்த அம்மாள் பூரித்துப்போய் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தார். மேடம் அதையும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, “எண்பத்திரண்டு” என்றார். சந்தோஷம் தாங்காமல் அவர் மூன்றாவது டம்ளருக்கு ஓட, நான் மேடத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்த வீட்டில் இன்றைக்கும் அதே காபிதான் என்று கேள்வி.

ஆள் குட்டை. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ஆம்பிளை வாட்ச், கழுத்தில் அடையாள அட்டை. அட்டையை ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் மாடவீதியில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் கழற்ற மாட்டார். கைப்பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். கண்ட வீட்டு டம்ளரில் குடிக்கக்கூடாது என்ற ஆசாரமாக்கும் என்று நினைத்து, நான் முதுகுக்குப் பின்னால் நிறையப் பேசியிருக்கிறேன். சாப்பாட்டு வேளையில் நடித்தும் காட்டியிருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒருமுறை போட்ட மார்க்கை மேடம் மாற்றவே மாட்டார். அவருடைய கணவருக்குக் கல்யாணமான முதல் வாரத்தில் நாற்பத்தொன்று போட்டாராம். “இருபத்தாறு வருஷமா மறு ஆய்வு கேட்டிண்டிருக்கார். புதுசா ஆதாரம் ஒண்ணும் தாக்கல் பண்ணலை” என்பார். மயிலாப்பூரில் ஒரு கடை ரவா தோசைக்குப் பதினாறு. தன் அம்மாவின் ரசத்துக்கு ஒன்பது. அதற்குக் கீழே அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. பூஜ்யம் வாங்கியவர் யாராவது உண்டா என்று ஒருநாள் கேட்டேன்.

“யாருக்கும் கிடையாது. பூஜ்யம்னா அங்க ஒரு குறையும் இல்லேன்னு எழுதிக் குடுக்கறதா அர்த்தம். அப்புறம் எவன் எட்டிப் பார்ப்பான்?”

எங்களுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. வீட்டுக்காரர் என்ன சொல்கிறாரோ அதை எழுத வேண்டும். நமக்குத் தோன்றியது, நம் மனசு உருகியது, இதெல்லாம் படிவத்தில் வரக்கூடாது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று பெரிய கட்டம் ஒன்று இருக்கும். புதிதாகச் சேர்ந்த உற்சாகத்தில் நான் அதில் ‘பரிதாபமான நிலையில் வாழ்கிறார்கள்’ என்று எழுதிவைத்தேன். மேடம் அந்தத் தாளைக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார்.

“அந்தக் கட்டம் வம்பு பேசறதுக்குன்னு வெச்சிருக்கா. நீங்க பேசாதீங்கோ.”

இப்படிப்பட்ட மனுஷியிடம் அந்தக் குப்பத்துக் கணக்கெடுப்பு வந்து சேர்ந்தது.

நொச்சிக்குப்பத்துக்குத் தெற்கே கடலை ஒட்டின குப்பம் அது, பெயர் வேண்டாம். குழாய் கிடையாது. இருக்கிற அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும். அது எப்போது வரும் என்பது லாரிக்கே தெரியாது. அந்தக் குப்பம் அறுபதைத் தாண்டிவிட்டால் குழாய் நிச்சயம். கண்ணை மூடிக்கொண்டு எண்பது வாங்கும் என்று நினைத்துக்கொண்டு நான் படிவக் கட்டோடு போய் இறங்கினேன்.

போனால் எனக்கு ராஜமரியாதை. சர்ச்சிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். வீட்டு வாசல்களில் புதுச் சுண்ணாம்பு. ஜில்லென்று கலர் பாட்டில் ஒன்றை என் கையில் திணித்தார்கள். ரோட்டோரம் மீன் விற்கும் கன்னியம்மா தன் வீட்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்று எனக்குப் பதில் சொன்னார்.

“ஃபிரிட்ஜ் இருக்கா?”

“கீது.”

“டீவி?”

“கீது.”

“வீட்டுக்குள்ள குடிநீர்க் குழாய்?”

“கீது நைனா. எல்லாம் கீது. எய்திக்கோ.”

அவர் வீட்டு வாசலை ஒட்டியே முப்பது பிளாஸ்டிக் குடங்கள் லாரிக்காக வரிசையில் நின்றன.

“அது என்னம்மா அவ்வளவு குடம்?”

“கோலாட்டம் ஆட. உனுக்கு இன்னாத்துக்கு? இன்னொரு கலர் குடிக்கிறியா?”

குடித்தேன். சொன்னதை எழுது என்பதுதானே சட்டம்? எல்லா வீட்டிலும் இதே பாட்டு. எல்லா வீட்டுக்கும் ‘உள்ளது, உள்ளது’ என்று எழுதிக்கொண்டு, இரண்டு கலர் குடித்த ஏப்பத்தோடு திரும்பி வந்தேன்.

அடுத்த பகுதி ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தெரு. அங்கே கேட்டிலேயே வாட்ச்மேன் தடுத்துவிட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் படிவங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு, தெரு முழுவதுக்கும் தானே நிரப்பி, கையெழுத்தும் போட்டு வாட்ச்மேன் கையில் கொடுத்தனுப்பினார். கார் இல்லை. ஏசி இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை. குழாயில் தண்ணீர் வருவதில்லை. வருமானம் என்ற இடத்தில் ‘மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் உண்டு’ என்று இருந்தது. அரசாங்கத் தாளில் எதை ஒப்புக்கொண்டாலும் வருமான வரி வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்ற பயம். அந்தப் படிவங்களை நான் படித்துக்கொண்டிருந்தது அந்தத் தெருக் கார் ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு. அதையும் எழுத எங்கே கட்டம் இருக்கிறது?

கம்ப்யூட்டர் மார்க்கைக் கக்கியது. குப்பம் முப்பத்துநாலு. ராஜா அண்ணாமலைபுரம் அறுபத்துமூன்று.

உதவி இயக்குநருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. “படிச்சவங்க இருக்கற ஏரியா மேடம். திட்டத்த ஈசியா செஞ்சு முடிச்சிடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள லிஸ்ட்டை அனுப்பிடுங்க” என்றார்.

மேடம் இரண்டு கட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பங்களாத் தெருவுல பால்வாடி கட்டப்போறோம். நாய்க்குட்டியெல்லாம் வந்து படிக்கும்.”

“திருத்திடலாமா மேடம்? நாமளே ரெண்டு கட்டத்த மாத்திட்டா...”

“ஒரு கட்டத்தைத் திருத்தற கை மீதியையும் திருத்தும். மேற்பார்வையாளர் மறு ஆய்வு பண்ணலாம்னு விதி இருக்கு. நாளைக்குக் கிளம்புங்கோ.” அப்புறம் ராஜா அண்ணாமலைபுரத்துக் கட்டின் மேல் தாளைக் காட்டி, “முதல்ல இங்க. இந்தக் கையெழுத்தை இருபத்தாறு வருஷமா பார்த்திண்டிருக்கேன்” என்றார்.

அந்த நாற்பத்தொன்றுதான் சங்கச் செயலாளர்.

மறுநாள் காலை மேடம் தன் வீட்டுக் காலிங் பெல்லைத் தானே அமுக்கினார். கழுத்தில் அட்டை, கையில் அட்டைப்பலகை. பின்னால் நான், எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியாமல். கதவைத் திறந்த கணவர், “சாவி எடுத்துண்டு போகலையா?” என்றார்.

“வணக்கம். பின்தங்கிய பகுதிகள் ஆய்வுக்காக வந்திருக்கேன். உட்காரலாமா?”

“என்னடி இது கூத்து?”

“வீட்டுல கார் இருக்கா?”

“கீழ நிக்கறதே! உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியலை. எத்தனை?”

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“ரெண்டு” என்றார்.

அப்படியே ஏசி, ஃபிரிட்ஜ், மேலே போர்வெல் தொட்டி என்று ஒவ்வொன்றாக அவரை ஒப்புக்கொள்ள வைத்துக் கையெழுத்து வாங்கினார் மேடம். பிறகு தெரு முழுக்க இதே சடங்கு. செயலாளர் வீட்டிலேயே இரண்டு கார் என்று வெளியே வந்த பிறகு மற்றவர்களுக்கு வாய் திறக்க வழியில்லை. மாலைக்குள் அந்தத் தெரு பதினோரு மார்க்குக்கு முன்னேறிவிட்டது. வீட்டில் மேடத்துக்கு நான்கு நாள் மௌனவிரதம் என்று பிறகு தெரிந்தது. விரதம் அவருடையது அல்ல.

குப்பம் அவ்வளவு சுலபமாக இல்லை. மறுபடியும் நாற்காலி, மறுபடியும் கலர். மேடம் கலரைத் தொடவில்லை. கைப்பையைத் திறந்து அந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். வந்துவிட்டதடா ஆசாரம் என்று எனக்கு மானமே போயிற்று.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்” என்றார் கன்னியம்மாவிடம்.

ஒரு பெண் ஓடிப்போய்க் கடையிலிருந்து தண்ணீர்ப் பாக்கெட் வாங்கி வந்தாள்.

“பாக்கெட் வேண்டாம். வீட்டுக்குள்ள குழாய் இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கேளே, அதுலேர்ந்து.”

அந்தப் பெண் பாக்கெட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மேடம் எழுந்து நேராக அடிபம்புக்குப் போனார். தானே அடித்து, டம்ளரில் பிடித்து, நின்ற இடத்திலேயே முழுசாகக் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. அடுத்த தெரு முனையில் இன்னொரு பம்பு. அங்கேயும் ஒரு டம்ளர். நான் பின்னாலேயே ஓடினேன்.

“மேடம், இன்னாத்துக்கு இதெல்லாம்?” என்று கிசுகிசுத்தேன். பதற்றத்தில் எனக்கும் அந்தப் பாஷையே வந்துவிட்டது.

“விருந்தாளிக்குன்னா அவா கடையில வாங்கியாவது நல்ல தண்ணியாத்தான் குடுப்பா. அவா டம்ளரைக் கையில வாங்கினா இந்தத் தண்ணி என் வாய்க்கு வரவே வராது. அதுக்குத்தான் இதை வெச்சிண்டிருக்கேன்.”

அவ்வளவு நாள் அந்த டம்ளரைச் சொல்லி நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும்.

மூன்றாவது டம்ளரில் கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஓடிவந்து பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“யம்மா, போதும் வுடு. வவுத்தால போனா எங்க மேல வரும். இன்னா வோணும் உனுக்கு?”

“உங்காத்துல எது இருக்கோ அதுமட்டும் வேணும்.”

“அது எதுக்கு? ஏழைன்னு எய்திக்கினு போவ. எங்க அக்காவ அப்டிதான் ஆத்தோரத்துல வந்து எய்திக்கினு போனாங்கோ. ஆறே மாசத்துல லாரில ஏத்தி ஊருக்கு வெளிய எட்டாவது மாடில குந்த வச்சிட்டாங்கோ. மீன் வாங்க ரெண்டு பஸ்சு மாறி வர்றா. அவ வர்றதுக்குள்ள ஏலம் முடிஞ்சி மண்ணு கூட காஞ்சிப்போவுது. நாங்க ஏழை இல்ல. எல்லாம் கீது. உன் கொயாயும் வாணாம், ஒண்ணியும் வாணாம்.”

சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த நாற்காலிக்கும் சுண்ணாம்புக்கும் கலருக்கும் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் கேட்டால் கடலே போய்விடும் என்று பயந்து, ஒரு குப்பமே சேர்ந்து பணக்கார வேஷம் போட்டிருக்கிறது.

“உண்மைய சொன்னா எங்கள தூக்க மாட்டாங்கன்னு நீ சத்தியம் பண்ணுவியா?” என்றார் கன்னியம்மா.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. நானாக இருந்தால் கற்பூரம் அடித்தே சொல்லியிருப்பேன்.

“மாட்டேன்” என்றார் மேடம். “அது என் கையில இல்லை. மார்க் போடறதுதான் என் வேலை. அதை வெச்சு மேல என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியாது. தூக்கினாலும் தூக்குவா.”

கன்னியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்த டம்ளரையும் பார்த்தார்.

“இதுவரிக்கும் வந்தவன் அத்தினி பேரும் தலைல அடிச்சி சத்தியம் பண்ணான். தெரியாதுன்னு சொன்னது நீ ஒருத்திதான்” என்றார். பிறகு மேடத்தின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போய், ஃபிரிட்ஜைத் திறந்தார். புடவையும் பாவாடையும் பொத்தென்று மேடத்தின் காலடியில் சரிந்தன. வெள்ளத்தில் முழுகி மோட்டார் செத்துப்போன ஃபிரிட்ஜ். அந்த வீட்டுக்கு அதுதான் பீரோ.

“எய்திக்கோ. ஒண்ணும் இல்ல.”

அதன் பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. குப்பம் எழுபத்தொன்பது வாங்கியது. மேடத்துக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு.

பட்டியல் மேலே போயிற்று, கையெழுத்தாகி வந்தது. வந்த பத்தாவது நாள் மேடத்துக்கு ஒரு மெமோவும் வந்தது. என்ன தப்பு என்று கேட்டேன். “அம்பத்தஞ்சு. ரெண்டு எழுத்துப் பிழை” என்று மெமோவுக்கு மார்க் போட்டாரே தவிர காரணம் சொல்லவில்லை. அவரைப் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்குத் தூக்கிப் போட்டார்கள். அந்த அறைக்கு முப்பது போட்டார். ஜன்னல் இருக்கிறதாம்.

குழாய் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. திறந்த அன்று குப்பத்துக்காரர்கள் மேடத்தைக் கூப்பிட்டார்கள். கவுன்சிலரும் மாலையும் மைக்கும் போகிறவரை ஒரு ஓரமாக நின்றுவிட்டு, தன் டம்ளரில் பிடித்துக் குடித்துவிட்டு, “பதினேழு” என்றார். வெறும் பதினேழா என்று கன்னியம்மாவுக்கு ஆத்திரம். நான் அவரைச் சமாதானம் செய்வதற்குள் மேடம் ஒரு காக்கிக் கவரை அவர் கையில் கொடுத்து, “யாராவது டேப் எடுத்துண்டு அளக்க வந்தா இதைக் காட்டுங்கோ. அதுவரைக்கும் பத்திரம்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அடுத்த மாதம் ரிடையர் ஆனார். நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

போன மாதம் டேப்போடு வந்தார்களாம்.

மீன் வாங்கப் போன இடத்தில் கன்னியம்மா சொன்னார். நான்கு பேர், ஒரு ஜீப். வீடுகளை அளக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கன்னியம்மா ஃபிரிட்ஜைத் திறந்து கவரை எடுத்துக்கொடுத்தாராம். வந்தவர்கள் படித்தார்கள், யாருக்கோ போன் செய்தார்கள், திரும்பப் படித்தார்கள். மேலே கேட்டுவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் இன்னும் வரவில்லை. வரலாம். ஆனாலும் குப்பம் இன்று வரைக்கும் அதே இடத்தில், கடலுக்கு எதிரில் இருக்கிறது.

மீனை மறந்துவிட்டு நான் அவரோடு வீட்டுக்குப் போய் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். குப்பம் முழுவதற்குமான எங்கள் ஆய்வுப் படிவத்தின் கடைசிப் பக்க நகல், மேலிடத்துக் கையெழுத்தோடும் முத்திரையோடும். ‘குறிப்பு’ என்ற கட்டத்தில், வம்பு பேசக்கூடாது என்று எனக்குச் சொன்ன அதே கட்டத்தில், மேடத்தின் கையெழுத்து பொடிப்பொடியாக இருந்தது.

‘இப்பகுதி மக்களின் தொழில் எதிரில் உள்ள கடலில் இருக்கிறது. கடலை இடம் மாற்ற இயலுமாயின், அதன் பிறகு இவர்களை இடம் மாற்றுவது குறித்துப் பரிசீலிக்கலாம்.’

மேலே இருந்தவர்கள் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் மொத்தத்தையும் அங்கீகரித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போட்ட பிறகு எவரோ படித்திருக்கிறார். அதுதான் மெமோ. இருபது வருஷத்தில் மேடம் அந்தக் கட்டத்தில் எழுதியது அந்த ஒரு தடவைதான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கன்னியம்மா தாளை வாங்கி மடித்து, புடவைகளுக்கு நடுவே வைத்து ஃபிரிட்ஜை மூடினார்.

“அந்தம்மா எல்லாத்துக்கும் மார்க் போடுமே, அதுக்கு நீ எம்மாம் போடுவ?” என்று கேட்டார்.

“பூஜ்யம்.”

“இன்னா சொன்ன?” என்று அவர் கை அருவாமனை இருந்த பக்கம் போயிற்று. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, மேடத்தின் மார்க் தலைகீழ் என்பதையும், எழுபத்தொன்பது எப்படிக் குழாயைக் கொண்டுவந்தது என்பதையும், பதினேழு எவ்வளவு பெரிய மரியாதை என்பதையும், குறையே இல்லாதவர்களுக்குத்தான் பூஜ்யம் என்பதையும் விளக்கினேன். பூஜ்யம் போட்டால் அப்புறம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று மேடம் சொன்னதையும் சொன்னேன்.

கன்னியம்மா அருவாமனைப் பக்கம் போன கையை எடுத்துக்கொண்டார்.

“ரிட்டேர் ஆச்சே, இப்ப எங்க கீது அந்தம்மா?”

“அதே வீடுதான். ராஜா அண்ணாமலைபுரம்.”

“நீ போய் பாத்தியா?”

அங்கிருந்து நடந்தே போகலாம், இருபது நிமிஷம் ஆகும். அவர் ரிடையர் ஆன பிறகு நான் ஒரு தடவை கூடப் போகவில்லை.

“அப்ப பூஜ்யம் வாணாம் நைனா, ஒண்ணு போடு” என்றார் கன்னியம்மா. “ஞாயித்துக்கெயம ஒரு பாட்டில்ல நம்ம தண்ணி புட்ச்சிக்கினு போய் எட்டிப் பாத்துட்டு வருவோம்.”